டீசல் வண்டியின் பதினான்கு நிறைகள்

"என் சம்சாரம் கட்டில்ல படுத்துக்கிட்டே, நான் ஃபோர்க்லிஃப்ட்டுல எத்தனை மூட்டை தூக்கினேன்னு சொல்லிடுவா சார். நடுவுல ஒம்பதடிச் சுவர் இருக்கு. எழுந்து உட்காரக்கூட முடியாதவ. நேத்து அஞ்சாவது நடையில முப்பது மூட்டை இல்ல, ஒண்ணு குறைச்சல்னா. போய் எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்பது!"

இடியார் இந்தப் பெருமையை அடித்துவிட்டது குடோன் மேனேஜரின் அறையில், மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தபோது. மறுமுனையில் இருந்தவர், "அந்தப் பொம்பளையை நம்ம கணக்கெடுப்புக்கு அனுப்பி வைங்களேன்" என்றாராம்.

அவருக்கு இடியார் என்ற பெயர் சும்மா வரவில்லை. இருபத்திரண்டு வருடம் டீசல் இஞ்சினின் தலைமேல் உட்கார்ந்து, அதையும் மீறிப் பேசிப் பேசித் தொண்டை அப்படி ஆகிவிட்டது. அவருடைய ரகசியம் என்றால் அடுத்த தெருவோடு நின்றுவிடும். அதற்கு அடுத்த தெருவுக்குப் போகாது. ஒருமுறை அவர் தும்மியதில் மூன்று வரிசை தள்ளி அடுக்கியிருந்த காலி அட்டைப்பெட்டிகள் பொலபொலவென்று சரிந்தன. சாட்சிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். காதுதான் சரியில்லை.

மேனேஜர் போனை வைத்தார். "உங்க சம்சாரம் கதை அப்புறம். மேலிடத்துல பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் வாங்கலாமான்னு கேக்கறாங்க. டீசல் வண்டியோட நிறை என்ன, குறை என்னன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. ஓட்டறது நீங்க. உங்களைவிட வேற யாருக்குத் தெரியும்?"

"பேட்டரியா?"

"ஆமா. சத்தமே இருக்காதாம். முதுகுக்குப் பின்னாடி வந்து நின்னாக்கூடத் தெரியாதாம்."

இடியார் மேஜைமேல் குனிந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக மெல்லிய குரலில் பேசினார். "அப்போ அவளுக்கு எப்படித் தெரியும்?"

"யாருக்கு?"

"ஒண்ணுமில்ல சார்."

குடோனின் பின்சுவரை ஒட்டி ஊழியர்களுக்கான வீடுகள் வரிசையாக இருந்தன. இரண்டாவது வீடு இடியாருடையது. முன்னறை ஜன்னலோரம் ஒரு கட்டில். முதுகுத்தண்டில் வந்த நோய் அவர் மனைவியை அந்தக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப்போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் சுவர், சுவருக்கு மேலே ஒரு துண்டு வானம். வேறு காட்சி கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் குடோனுக்குள் ஏறும் சாய்தளம். லோடோடு அதில் ஏறும்போது டீசல் வண்டி அலறுகிற அலறலில் அந்த வரிசை வீடுகளில் டம்ளர்கள் தானாக இடம் மாறும். அக்கம்பக்கத்தார் திட்டுவார்கள். இடியாருக்கோ அது வண்டிச் சத்தம் அல்ல. 'இதோ இருக்கேன், இதோ இருக்கேன்' என்று ஒன்பது மணி நேரம் சுவர் தாண்டி அவர் மனைவிக்குக் கொடுக்கிற குரல்.

சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் மனைவி ஒப்பிப்பாள். "இன்னிக்குப் பதினேழு நடை. காலையில வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடிச்சது. மத்தியானம் ரெண்டாவது நடையில லோடு ஜாஸ்தி. திணறிடுச்சு, இல்ல?"

ஒன்றுகூடத் தப்பாது. இடியார் பூரித்துப்போய் அவள் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு, அன்றைய பொழுதைக் கையையும் காலையும் ஆட்டி நடித்துக் காட்டுவார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு சிரிப்பாள். விளக்கை அணைத்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும், பாவம், அசதி. பொழுது போகட்டும் என்று அவர் வாங்கி வைத்த ரேடியோவை அவள் ஒருநாளும் திருகவில்லை. "எனக்கு எதுக்கு இதெல்லாம்? அதான் உங்க வண்டி இருக்கே" என்றுவிட்டாள். அதைக் கேட்ட அன்று இடியார் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். அந்த அழுகையை ஆறு வீடு கேட்டது.

நம்பாதவள் ஒருத்திதான். கொழுந்தியா. இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கடையில் வேலை. காலையிலும் மத்தியானமும் வந்து அக்காவைக் கவனித்துவிட்டுப் போவாள்.

"சும்மா அடிச்சு விடறா அத்தான். நீங்களும் வாயைப் பிளந்துக்கிட்டு கேக்கறீங்க. லீவு நாள்ல நானும் இங்கதானே உக்காந்திருக்கேன்? எனக்கு டடடடன்னு ஒரே இரைச்சல்தான். இதுல எங்க மூட்டை எண்ணறது?"

"உனக்கு ஞானம் போதாது."

"அது சரி. ஞானத்துக்கெல்லாம் டீசல் ஊத்தணும் போல."

அன்று சாயங்காலம் மட்டும் இடியார் மனைவியிடம் பேட்டரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் பயந்துவிடுவாள். அவராவது, ரகசியத்தைக் காப்பாற்றுவதாவது! ஆனால் காப்பாற்றினார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினார்.

நிறைகள். ஒன்று: மழையோ வெயிலோ, ஓடும். இரண்டு: ஐந்து நிமிடத்தில் டீசல் ஊற்றிக்கொண்டு மறுபடி ஓடும்; பேட்டரி மாதிரி எட்டு மணி நேரம் படுத்துத் தூங்காது. மூன்று: மூன்று டன்னைத் தூக்கிக்கொண்டு சாய்தளம் ஏறும். நான்கு: ஜல்லி, சேறு, பள்ளம் எதற்கும் முகம் சுளிக்காது. இப்படியே போய், ஒன்பது: வருவது முன்னாலேயே தெரிவதால் யாரும் அடிபட மாட்டார்கள். பதினான்காவதற்கு ஒன்றும் தோன்றாமல், 'நல்ல குணம்' என்று எழுதினார்.

அடுத்து, குறைகள். பேனாவைக் கொஞ்ச நேரம் கடித்தார். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏங்க, குறையே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. பொண்ணு பார்க்க வந்த வீட்டுலகூட இப்படிப் பேச மாட்டாங்களே. இதை நான் மேல அனுப்பினா என் வேலை போயிடும். பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுங்க, அவங்களே பார்க்கட்டும்."

இடியார் 'புகை கொஞ்சம் உண்டு' என்று ஒரு வரி எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பாதுகாப்பு அதிகாரி ஒல்லியான பெண்மணி. சிரிப்பதற்கும் படிவம் நிரப்பிக் கேட்பவர். குடோனுக்குள் ஒரு தூணில் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். "சாயங்காலம் இது என்ன நிறத்துல இருக்குன்னு பார்ப்போம். அதுதான் உங்க நுரையீரலோட நிறம்."

மூன்று மணிக்கே துணி அடுப்புக்கரி துடைத்த மாதிரி ஆகிவிட்டது. இடியாருக்குக் கைகால் ஓடவில்லை. ஓடிப்போய், கொழுந்தியாவின் தையல் கடையில் அதே அளவில் வெள்ளைத் துணி ஒன்று வெட்டி வாங்கி, மூச்சிரைக்க வந்து மாற்றிக் கட்டினார்.

ஐந்து மணிக்கு அதிகாரி வந்தார். துணியைப் புரட்டிப் பார்த்தார். முகர்ந்தார்.

"நான் கட்டினது என் வீட்டுப் பழைய தலையணை உறை. இது புதுசு. ஓரம்கூட அடிச்சிருக்கு. உங்க வண்டி புகை விடாததோட, துவைச்சு, தைச்சும் குடுக்குமோ?"

குடோனே சிரித்தது. இடியார் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி நோட்டில் இரண்டு குறைகள் எழுதிக்கொண்டார்: 'புகை அதிகம். ஓட்டுநர் நம்பத்தகுந்தவர் அல்ல.'

மறுநாள் சத்தத்தை அளக்கும் கருவியோடு வந்தார். இடியார் வண்டியை மெதுவாக, கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி ஓட்டிக் காட்டினார். கருவியில் எண் ஏறியது. அவர் பதறிப்போய் இஞ்சினை அணைத்துவிட்டு விளக்கினார். "மேடம், இதெல்லாம் ஒரு சத்தமா? பழகிட்டா தாலாட்டு மாதிரி இருக்கும் மேடம்!"

அதிகாரி கருவியைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "இஞ்சினை அணைச்சதும் அளவு கூடுது."

"அப்போ இஞ்சின் மேல தப்பு இல்லைதானே?" என்றார் இடியார், வெற்றியோடு.

"இஞ்சின் உங்களை என்ன பண்ணி வெச்சிருக்குன்னு தெரியுது. நாளைக்குக் காது பரிசோதனைக்குப் போங்க."

காது டாக்டர் எதையோ கேட்டார். இடியார், "சாப்பிட்டாச்சு" என்றார். டாக்டர் இன்னொன்று கேட்டார். "ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்" என்றார். அறிக்கையில் மூன்றாவது குறை சேர்ந்தது: 'ஓட்டுநரின் செவித்திறனில் பாதி போய்விட்டது.'

இதற்குமேல் பேச்சில்லை, செயல்தான் என்று இடியார் தீர்மானித்தார். பேட்டரி வண்டியை விற்கிறவர் அதைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டட்டும், நான் என் வண்டியை ஓட்டுகிறேன், ஒரே நாள், ஒரே லோடு என்றார். மேனேஜர் ஒத்துக்கொண்டார். மெக்கானிக் ஸ்பேனர்தான் நடுவர். அந்த மனிதர் சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பத்தாம் நம்பர் ஸ்பேனரைச் செருகியிருப்பார், பெயர்க்காரணம் அவ்வளவுதான்.

அன்று இடியார் வெளுத்து வாங்கினார். மழை தூறியது, பேட்டரி வண்டிக்காரர் குடை பிடித்தார், தனக்கு இல்லை, வண்டிக்கு. சாய்தளத்தில் பேட்டரி வண்டி யோசித்து யோசித்து ஏறியது. டீசல் வண்டியோ வானமே கிழிந்த மாதிரி ஒரு சத்தத்தோடு, கன்னங்கரேலென்ற புகையைச் சுவருக்கு மேலே கக்கிக்கொண்டு ஒரே மூச்சில் ஏறியது. மூன்றரை மணிக்குப் பேட்டரி வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. சார்ஜ் ஏற ஏழெட்டு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

அத்தோடு இறங்கியிருக்கலாம். ஆனால் வெற்றி தலைக்கேறிவிட்டது. "உள்ளேயும் காட்டறேன் பாருங்க!" என்று, கதவெல்லாம் சாத்தியிருந்த மூன்றாம் கூடத்துக்குள் வண்டியை விட்டார். எட்டு சுற்று சுற்றினார். ஒன்பதாவது சுற்றில் அவரையே காணவில்லை. அவ்வளவு புகை. மேனேஜர் இருமினார். நடுவர் இருமினார். பேட்டரி வண்டிக்காரர் சந்தோஷமாக இருமினார். கூரையில் இருந்த தீ எச்சரிக்கை மணி அலறி, குழாய்கள் தானாகத் திறந்துகொண்டு, நானூறு அட்டைப்பெட்டிகளும் ஒரு மேனேஜரும் தொப்பலாக நனைந்தார்கள்.

"போதும்" என்றார் மேனேஜர், மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட. "பேட்டரியே வாங்கிடலாம். பகல்ல பாதி நேரம் நின்னாலும் பரவாயில்ல. நாமளாவது உயிரோட நிப்போம்."

அந்த ஈரக் கூடத்தில் இடியார் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் கிளம்பத் திரும்பியபோதுதான் பேசினார். கத்தவில்லை, அதனாலேயே எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"குறை எல்லாம் எனக்கும் தெரியும் சார். புகை, இரைச்சல், நெஞ்சு எரிச்சல், எல்லாம். ஆனா அவ பகல் பூரா தனியா கிடக்கறா. கழுத்தைத் திருப்பினா சுவர். என்னால பக்கத்துல இருக்க முடியல. இந்தச் சத்தம்தான் போய் அவகூட உக்காந்திருக்கு. இதை நிறுத்திட்டீங்கன்னா, நான் காலையில வெளிய போனதும் அவளுக்கு நான் செத்த மாதிரிதான். இதைப் பதினஞ்சாவது நிறையா எழுதலாம்னு நெனச்சேன். எப்படி எழுதறதுன்னு தெரியல."

மணிச் சத்தம் கேட்டு ஓடி வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி நோட்டைத் திறந்தார். எதையும் எழுதாமல் மூடிவிட்டார்.

ஸ்பேனர் தொண்டையைச் செருமினார். "கேஸ் வண்டி ஒண்ணு இருக்கு சார். டீசலும் இல்ல, பேட்டரியும் இல்ல. பின்னாடி சிலிண்டரைக் கட்டி ஓட்டறது. சிலிண்டர் மாத்த அஞ்சு நிமிஷம். சாய்தளம் ஏறும், மழையில போகும். இஞ்சின் உறுமும். ஆனா கண்ணுக்குத் தெரியற புகை ஒரு பொட்டுகூட வராது."

"உறுமுமா?" என்றார் இடியார்.

"டீசல் அளவுக்கு இல்ல. ஆனா அந்த சைலன்சரை ரெண்டு திருகு தளர்த்திவிட்டா…" என்று ஆரம்பித்த ஸ்பேனர், அதிகாரி நிற்பதைப் பார்த்துவிட்டுக் கப்சிப் ஆனார்.

அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் வெளிய மழையைப் பார்த்துக்கிட்டிருக்கேன். நீங்க பேசினது எதுவும் என் காதுல விழல. உள்ள ஓட்டும்போது மட்டும் கதவைத் திறந்து வெச்சுக்கங்க, கேஸ்லயும் விஷக்காத்து உண்டு."

இப்படியாக, உலகச் சரித்திரத்தில் முதல்முறையாக ஒரு மேனேஜர், ஒரு மெக்கானிக், ஒரு பாதுகாப்பு அதிகாரி, ஒரு ஓட்டுநர் ஆகிய நால்வரும் ஒரே தாளில் சண்டையில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். புகை போனது. சத்தம் நின்றது, நிலைத்து நின்றது.

கேஸ் வண்டி பத்து நாளில் வந்து சேர்ந்தது. இடியார் வீட்டில் மூச்சு விடவில்லை. புது வண்டியின் குரலை அவளே கேட்டுக் கண்டுபிடிக்கட்டும், சாயங்காலம் 'இன்னிக்கு வண்டி மாறிடுச்சு, இல்ல?' என்று அவளே கேட்கட்டும் என்று காத்திருந்தார்.

முதல் நாள் பத்தொன்பது நடை. சைலன்சர் தளர்ந்த வண்டி சிங்கம் மாதிரி கர்ஜித்தது. அது போதாதென்று ஒவ்வொரு நடைக்கும் சாய்தளத்தின் உச்சியில் நின்று மூன்று ஹார்ன் அடித்தார். மேலே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு தூசி இல்லை. அதிகாரி தூணில் கட்டிய தலையணை உறை சாயங்காலம் வெள்ளைவெளேரென்று தொங்கியது. அவர் படிவம் எதுவும் கேட்காமலேயே சிரித்தார்.

இடியாருக்குத் தலைகால் புரியவில்லை. கையைக்கூடக் கழுவாமல் வீட்டுக்கு ஓடினார்.

மத்தியானம் வைத்த சாப்பாடு தட்டில் அப்படியே காய்ந்து கிடந்தது. மனைவி ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்தபடி, கழுத்தைத் திருப்பிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வேலை விட்டு வந்திருந்த கொழுந்தியா பக்கத்தில் நின்று அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இடியாரைக் கண்டதும் மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவரை மேலும் கீழும் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க போயிட்டீங்க? அடி கிடி பட்டுடுச்சா? காலையிலேர்ந்து நீங்க ஒரு நடைகூட வரலையே! மத்தியானம் வரைக்கும் பார்த்தேன். அப்புறம் பயமாயிடுச்சு."

இடியார் விழுந்து விழுந்து சிரித்தார். "வரலையா? பத்தொன்பது நடை! நடைக்கு மூணு ஹார்ன்! பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல கல்லை விட்டெறிஞ்சார், அவ்வளவு சத்தம்! தூங்கிட்டியா நீ?"

அவள் அவர் வாயைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொழுந்தியா இடியாரின் சட்டையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போனாள்.

"என்ன ஆச்சு அவளுக்கு?" என்றார் இடியார். "எப்பவும் பட்டுப் பட்டுனு சொல்லுவாளே? நீதான் நம்பவே மாட்டே. உன் வாய் முகூர்த்தம் பலிச்சிடுச்சா?"

"நான் நம்பலைதான் அத்தான். ஒப்புக்கறேன். கடை மூடியிருந்த வாரம் முழுக்கப் பக்கத்துலயே உக்காந்து, அவ சொல்லச் சொல்ல நானும் எண்ணிப் பார்த்தேன். ஒண்ணுகூடத் தப்பில்ல. எல்லாம் நிஜம்."

"பார்த்தியா! அதைத்தானே நான் ஊரெல்லாம்…"

"மெதுவா பேசுங்கன்னு இனிமே உங்ககிட்ட சொல்லப் போறதில்ல அத்தான், அவளுக்குக் காது போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. சுவத்துக்கு மேல எழும்பற புகையைப் பார்த்துத்தான் அக்கா உங்களை எண்ணிக்கிட்டிருந்தா."